ஒரு மணி நேரப் பட்டினி

எங்கள் தெருவில் மருத்துவம் தெரியாதவர்கள் என்று பார்த்தால் நானும் என் கணவரும்தான். மற்ற எல்லாரும் ஏதாவது ஒரு வியாதியில் கரை கண்டவர்கள். என் மகளுக்கு ஒன்பது வயதில் கண் மஞ்சளாகும் வரை இப்படிப்பட்ட மேதைகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது.

முதலில் கீழாநெல்லி வந்தது. காமாலை என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் நிற்பவரின் கை தானாக வேலியோரம் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எங்கள் வீட்டு மிக்சி ஒரு மாதம் பச்சை நிறத்திலேயே இருந்தது. மோரில் கலந்து கொடுத்தேன். கண் வெளுத்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் மறுபடி மஞ்சள். அதற்கடுத்து காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் பள்ளம். உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, பொங்கல் முடிந்த கையோடு வேலூருக்குப் போகச் சொன்னார்.

வேலூரில் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. ரத்தம், மூத்திரம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"நாம சாப்பிடுற எல்லாத்துலயும் கொஞ்சம் செம்பு இருக்கும்மா. உடம்புக்கு கொஞ்சூண்டு போதும். மீதிய ஈரல் பித்தத்துல கலந்து வெளிய தள்ளிடும். உங்க பொண்ணோட ஈரலுக்குத் தள்ளத் தெரியல. பொறந்ததுல இருந்து சேத்து வச்சிட்டே வருது. அதான் ஈரல் கெட்டுப் போயிட்டிருக்கு."

சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாதே, இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சொந்தத்துலயா கட்டிக்கிட்டீங்க?" என்றார். ஆமாம், என் கணவர் தாய்மாமன் மகன். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். சொத்து என்று சொல்ல மாமாவின் வளையல் கடை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் கணவர் பக்கத்திலிருந்து பாதி, என் பக்கத்திலிருந்து பாதி என்று இந்த நோய் மட்டும் வெளியே போகாமல் பத்திரமாக என் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகாதவற்றை டாக்டரம்மா சொன்னார். ஆட்டு ஈரல், மாட்டு ஈரல், எந்த ஈரலும் கூடவே கூடாது, செம்பு அதில்தான் ஜாஸ்தி. வேர்க்கடலை, எள், முந்திரி, பாதாம், சாக்லேட், காளான், நண்டு, எறா கூடாது. செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் ஒரு மடக்கும் கூடாது. பிறகு ஜிங்க் மாத்திரை, அதாவது துத்தநாகம், மூன்று வேளை.

"இது குடல்ல காவல் நிக்கும். புதுசா வர்ற செம்ப உள்ள விடாது. ஆனா வெறும் வயித்துல போடணும். போட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோட போச்சுன்னா மாத்திரை சாப்பாட்டுக்குள்ள மாட்டிக்கும், செம்பு உள்ள போயிடும்."

"இத ஒழுங்கா செஞ்சா?" என்று என் கணவர் கேட்டார்.

"மாத்திரையிலேயே வாழ்நாள் முழுக்க ஓட்டிடலாம். கல்யாணம், புள்ளகுட்டி எல்லாம் பாப்பா. செய்யலன்னா ஈரல் மாத்துறதப் பத்திப் பேச வேண்டி வரும். பக்ரீத் முடிஞ்சு வாங்க, பாக்கலாம்."

அவ்வளவுதான் விஷயம். நல்ல மாத்திரை இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். வாயைக் கட்ட வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டேன். நாங்கள் எந்த ஊரில் இறங்கப்போகிறோம் என்பதை அப்போது மறந்துவிட்டிருந்தேன்.

நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். விஷயத்தைக் கேள்விப்பட்ட மறுநாளே பக்கத்து மேசைக்காரர் ஒரு செம்பு பாட்டிலைப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். கிரிவலப் பாதையில் வாங்கினாராம். வெள்ளைக்காரர்கள் எல்லாம் அதில்தான் தண்ணீர் குடிக்கிறார்களாம்.

"ராத்திரி ஊத்தி வச்சு காலைல குடுங்க மேடம். ஈரலெல்லாம் கழுவி உட்டுடும்."

"சார், அவளுக்கு வியாதியே செம்புதான்."

"அது கெமிக்கல் செம்பு மேடம். இது இயற்கை செம்பு."

இதற்கு மேல் என்ன பேசுவது? பாட்டிலில் பேனாக்களைப் போட்டு வைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு மாதம் வருத்தம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் இன்னொரு அம்மா, நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கடலை ஆகாது என்றேன். அவர் ஒரு கடலையை உடைத்து, பருப்பை இரண்டாகப் பிளந்து என் கண் முன்னால் நீட்டினார். "எங்கம்மா இருக்குது செம்பு? காட்டு பாப்போம்!" நானும் உற்றுப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் கதை தனி. நோயாளிக் குழந்தையை வெறும் கையோடு பார்க்கப் போகலாமா? பாதாம் வந்தது, பிஸ்தா வந்தது, சாக்லேட் டப்பா வந்தது, எள்ளுருண்டை வந்தது. தடை செய்யப்பட்டவற்றைச் சொல்லி அனுப்பியதுபோல் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தன. மகளுக்கு எட்டாமல் அவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அந்தத் தியாகத்தில் அவருக்குப் பழைய பேண்ட் ஒன்றும் சேராமல் போனது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. வாசலில் நின்று வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டால் முடிந்தது. எனக்குப் பெரிய தலைவலி அந்த ஒரு மணி நேரம்தான்.

காலையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் அலுவலகத்துக்கு ஓடுவேன். எதிர் வீடு என் அண்ணி வீடு, அதாவது கணவரின் அக்கா. மகள் அங்கே போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்து இட்லி சாப்பிட்டு, பள்ளி வேனில் ஏறுவாள். மாலையில் வேன் இறக்கிவிடுவதும் அங்கேதான். அங்கே மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துப் பலகாரம். இரவு வேளை மட்டும் என் கண் முன்னால்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை, சாப்பிட்டியா என்றுதான் கேட்போம். அண்ணி வீட்டுக்கு வந்துபோகிற எல்லாரும் என் மகளிடம் கேட்டார்கள். அவள் உண்மையைச் சொன்னாள். "இல்லைங்க, அம்மா சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தெரு ஒரு முழுநீளக் கதையைத் தயாரித்தது. நான் வேலைக்குப் போகிற திமிரில் பிள்ளைக்குப் பொங்கிப் போடுவதில்லை. காலையில் பட்டினி, சாயங்காலம் பட்டினி. வேலூர் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார், இவள்தான் அரைகுறையாகப் புரிந்துகொண்டு வந்து பிள்ளையை வதைக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அண்ணியே ஒருநாள் என்னிடம் நேராகச் சொன்னாள்.

"இன்னாடி இது, பச்சப்புள்ள வயிறு ஒட்டிப் போய் ஒக்காந்துட்டிருக்கு. பாக்கறவங்க காறித் துப்புறாங்க. நீ பெத்தவளா, மாத்தாந்தாயா?"

"ஒரு மணி நேரம் அண்ணி. ஒரே ஒரு மணி நேரம்."

"புள்ளைக்கு இன்னா தெரியும் மணி?"

அந்தச் சமயம் எங்களுக்கு ரம்ஜான் மாதம். பக்கத்து வீட்டில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி முதல் நோன்பு வைத்தாள். விடியலிலிருந்து மாலை வரை தண்ணீர்கூட இல்லை. மாலையில் அவளுக்குப் புதுச் சட்டை, மல்லிகை மாலை, கையில் ரூபாய் நோட்டு, எல்லாருடைய செல்போனிலும் அவள் படம்தான். என் அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள். அந்தப் பெண் பொறுமைசாலி என்று நானும் மெச்சினேன், பொய்யில்லை. ஆனால் அதே வாசலில், அதே சாயங்காலம், மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த என் மகளுக்கு மாலை ஒன்றும் விழவில்லை. அவளுடைய ஒரு மணி நேரத்துக்கு எனக்குத்தான் வசவு விழுந்தது.

அப்புறம் வந்தது பக்ரீத்.

குர்பானி கொடுத்த ஆட்டின் ஈரல் சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் அன்று அடுப்பில் முதலில் ஏறுவது அதுதான். பெரியவர்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, தொழுதுவிட்டு வந்து, அறுத்தபின் அந்த ஈரலைத்தான் முதல் வாய் வைப்பார்கள். எனக்கும் சிறு வயதிலிருந்து அந்த வாசனை வந்தால்தான் பெருநாள். இப்போது தெருவுக்கே ஒரு யோசனை உதித்தது. ஈரல் கெட்ட பிள்ளைக்கு ஈரல்! இதைவிடப் பொருத்தமாக வேறென்ன மருந்து இருக்க முடியும்? கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப் இல்லையா, அந்தக் கணக்குத்தான்.

நான் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "இந்த வருஷம் எங்க வீட்டுக்கு ஈரல் அனுப்ப வேணாங்க." அதுதான் நான் செய்த விவேகமான காரியம். எங்களில் முதல் வேண்டாமும் இரண்டாவது வேண்டாமும் மரியாதைக்கு. ஒரு தட்டைப் பார்த்த உடனே சரி என்று கை நீட்டினால் அலைகிறாள் என்பார்கள். எனவே வேண்டாம் என்று ஒருத்தி வாசல் தேடி வந்து சொன்னால் என்ன அர்த்தம்? பாவம், கேட்க வெட்கப்படுகிறாள் என்று அர்த்தம். நான் எத்தனை அழுத்திச் சொன்னேனோ அத்தனை அழுத்தமாக அவர்கள் மனம் இளகியது.

"அதெல்லாம் நீ சொல்லக் கூடாதும்மா. புள்ள எங்களுக்கும் புள்ளதான்."

"இல்லைங்க, உண்மையாவே ஆகாது. டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீ கவலைப்படாத, நான் தனியா எடுத்து வைக்கிறேன்."

பெருநாள் அன்று காலையில் முதல் டப்பா வந்தது. பிறகு மூடி போட்ட கிண்ணம், வாழை இலைப் பொட்டலம், பிளாஸ்டிக் பை. தங்கள் வீட்டுக்கு ஒரு துண்டும் வைத்துக்கொள்ளாமல் முழு ஈரலையும் அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. உறுப்பு தானத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்று பேப்பரில் எழுதுகிறார்களே, எங்கள் தெருவில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரல் தானத்துக்கு வரிசையில் நின்றார்கள், ஆட்டு ஈரலாக இருந்தது ஒன்றுதான் குறை.

இவர்களையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டேன். என் மாமாவிடம்தான் முடியவில்லை. என் அம்மாவின் தம்பி, கணவரைப் பெற்ற அத்தா, என் மகளுக்குத் தாதா, வளையல் கடை நேரம் போக எங்கள் வீட்டில்தான் இருப்பார். அந்த வருஷம் குர்பானியைப் பேத்தி பெயரில் கொடுத்தார். தானே வேகவைத்து, மிளகு போட்டு வதக்கி, தட்டோடு கூடத்துக்கு வந்தார். அண்ணி, அவள் பிள்ளைகள், இரண்டு விருந்தாளிகள் என்று வீடு நிறைய ஆட்கள்.

"வா தாயீ, வாயத் தொற," என்று ஒரு துண்டை எடுத்து மகளின் வாயருகே கொண்டுபோனார். "காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல எனக்கு. நீ ஒரு வாய் தின்னாதான் தாதா தின்னுவேன்."

மகளுக்கு ஈரல் உயிர். வாசனைக்கே அவள் கண் விரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"வேணாம் மாமா," என்றேன்.

"ஒரு வாய்தானேம்மா."

"ஒரு வாயும் வேணாம்."

"அல்லா பேர்ல அறுத்தது. அது எங்கியாவது கெடுதல் செய்யுமா?" என்று சொல்லிக்கொண்டே துண்டை இன்னும் கிட்டே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்து விலக்கி, தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மாமா, அவளுக்கு இது விஷம்."

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "குர்பானிக் கறியப் போய் விஷம்னு சொல்றியே, உன் நாக்கு அழுகாது?" விருந்தாளிகள் செருப்பைத் தேடினார்கள். மாமா எழுந்து போய்க் கை கழுவினார். அன்று அவர் ஈரலும் சாப்பிடவில்லை, பிரியாணியும் சாப்பிடவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். பெருநாளில் அவரைப் பட்டினி போட்டவள் நான். அடுப்படியில் நின்று அழுதேன். ஆனால் தட்டை வாங்கியதற்கு அப்போதும் வருந்தவில்லை, இப்போதும் வருந்தவில்லை.

வந்த ஈரல்களைக் குர்பானிக் கறியாயிற்றே, குப்பையில் போட முடியுமா? என் கணவர் பையில் போட்டுக் கொண்டுபோய் ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்தார். அந்த வாரம் எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் ஈரல் வெகு நலம்.

பெருநாள் கழிந்து வேலூருக்குப் போனோம். போவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் மகளின் மூத்திரத்தைச் சொட்டு விடாமல் ஒரு கேனில் பிடித்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "தேனுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். இவர் ஆமாம் என்றுவிட்டார்.

கேனைக் கொடுத்து, முடிவுகள் வந்தபின், டாக்டரம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். ஒரு தெருவின் அன்பையே தனியாளாக நின்று விரட்டியடித்தவள் நான். கேட்காமலேயே சொன்னேன்.

"ஒரு துண்டு ஈரல் உள்ள போகல டாக்டர். ஒரு கடலை போகல."

"சந்தோஷம்," என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜிங்க் ஏன் போகல?"

எனக்குப் புரியவில்லை.

"மாத்திரை உடம்புல சேந்துச்சுன்னா மூத்திரத்துல துத்தநாகம் ஜாஸ்தியா வரணும். ரொம்பக் கம்மியா இருக்கு. செம்பு எறங்கவே இல்ல. ஈரல் போன தடவைய விட மோசமா இருக்கு. நாள் தவறாம மூணு வேள போட்டா இப்படி வராதும்மா."

"போடறா டாக்டர். காலைலயும் ராத்திரியும் நானே கையில குடுக்குறேன்."

டாக்டரம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் மகளுக்கு நேராக உட்கார்ந்தார். "நீ சொல்லு பாப்பா. மாத்திரைய என்ன பண்ணுவ? யாரும் திட்ட மாட்டாங்க."

மகள் என்னைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"முழுங்கிடுவேன். தூக்கிப் போடல."

"எப்ப முழுங்குவ?"

"அம்மா போனப்புறம் வாயிலேந்து எடுத்து வச்சிப்பேன். அத்தை இட்லி வைக்கிறப்ப அதுக்குள்ள வச்சு முழுங்கிடுவேன். சாயங்காலமும் அப்படித்தான்."

"ஏண்டா செல்லம்? வெறும் வயித்துல போட்டா குமட்டுதா?"

"குமட்டும். ஆனா அதுக்கில்ல." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் சாப்பிடாம ஒக்காந்திருந்தா எல்லாரும் வந்து வந்து எங்கம்மாவத் திட்டறாங்க. பட்டினி போடறாங்கன்னு. அங்க போனதும் சாப்பிட்டுட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரலையும் கடலையையும் செம்பு பாட்டிலையும் வாசலிலேயே தடுத்துவிட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எதிர் வீட்டில் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றத் தன் மருந்தை இட்லிக்குள் வைத்து வீணாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவளிடம் மூத்திரக் கேனின் வாசனை லேசாக வந்தது.

"மூணு மாசம் பாப்போம்," என்றார் டாக்டரம்மா. "சரியா போட்டா எறங்கும்னு நம்புறேன். அப்பவும் எறங்கலன்னா யாரோட ஈரலக் குடுக்குறதுன்னு நீங்க வீட்டுல பேச ஆரம்பிக்கணும்."

ஊர் வந்து சேர்ந்தபோது அண்ணி எங்கள் வாசலிலேயே நின்றிருந்தாள். பக்ரீத்துக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் விடியலிலிருந்து எங்களுக்காகக் காத்திருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னா சொன்னாங்க? எறங்குச்சா?"

"இல்ல. ஈரல் இன்னும் மோசமாயிருக்கு."

"நான் சொன்னேனே! அன்னைக்கே ஒரு வாய் ஈரல்..."

"அண்ணி," என்றேன். சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்லை. மகள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். இட்லிக்குள் வைத்ததை, ஏன் வைத்தாள் என்பதை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாமா என்னிடம், "என் ஈரல் ஆகுமான்னு கேட்டியாம்மா?" என்றார். உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா, என்னோடதுதான் முதல்ல பார்ப்பாங்க என்றேன். பெருநாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். சாயங்காலம் வேன் வந்து நின்றது. பிள்ளையை எங்கள் வீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். அதற்குள் அவள் வழக்கம்போல எதிர் வீட்டுக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அண்ணி தோசை வார்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், கைப் பழக்கம். மகள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து எங்கள் இருவருக்கும் காட்டினாள். நாக்கை மடித்தும் காட்டினாள்.

அண்ணி தட்டை நீட்டவில்லை. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது பார்த்து வாசலில் ஒரு அம்மா வந்து, "இன்னா கண்ணு, சாப்பிட்டியா?" என்று குரல் கொடுத்தாள். என் மகள் அத்தையின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நான் இப்ப சாப்பிடலன்னா அம்மாவ ஏதாவது சொல்லுவீங்களா அத்தை?"

அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, மகள் பையைத் திறந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.